ட்ரிக்கர் பட்டியல் 60 வரியைத் தாண்டிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: "அக்கா, எங்கள் டெலிகிராம் குழுவில் 140 பேர் தொடர்கதை எழுதியும் படித்தும் வருகிறோம். நான் அட்மின். யாருக்கு எது மனதைப் பாதிக்கும் என்று பேர் போட்டு ஒரு ட்ரிக்கர் பட்டியல் தொடங்கினோம், இப்போது 60 வரியைத் தாண்டிவிட்டது, யாரும் படிப்பதில்லை. எழுதுபவர்களோ எச்சரிக்கை போட்டால் கதை முடிவு தெரிந்துவிடுகிறது என்கிறார்கள். போன மாதம், மகனைப் பறிகொடுத்த ஒருவர், எச்சரிக்கை இல்லாமல் வந்த ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் குழுவை விட்டே போகிறேன் என்றார். வழி சொல்லுங்கள்."

முதல் வேலையாக, இன்றைக்கே, அந்தப் பட்டியலைக் குழுவில் 'பின்' (pin) செய்து வைத்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பேரும் பக்கத்திலேயே அவரவர் காயமும் எழுதி 140 பேர் கண்ணில் படும்படி வைப்பது ஆபத்து. நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் ஒருவர் மேல் கோபம் வந்தவருக்கு, எங்கே குத்தினால் வலிக்கும் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் பார்த்துக்கொண்ட ஒரு குழுவில் இதுவே நடந்தது. சண்டை போட்டு வெளியேறிய ஒருவர் புதுக் கணக்கில் திரும்பி வந்து, பட்டியலில் 'தீக்காயம்' என்று எழுதியிருந்த பெண்ணுக்கு மூன்று நாள் அதே மாதிரிப் படங்களாக அனுப்பினார். அந்தப் பட்டியலைத் தொடங்கி வைத்தது நான். இன்றும் உறுத்துகிறது.

சரி, அதற்குப் பதில் என்ன? எல்லாருக்கும் பொதுவான எச்சரிக்கை வேறு, ஒரு தனி மனிதருக்கு வேண்டிய கவனம் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டதால்தான் அது 60 வரியாக வளர்ந்தது. ரசிகர் கதைகளுக்கான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தைப் பாருங்கள். 2009 முதல் நடக்கிறது, ஒரு கோடிக்கும் மேல் கதைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே கட்டாய எச்சரிக்கை நான்கே நான்கு: கொடூரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, வயது வராதவர் சம்பந்தப்பட்ட பாலியல் காட்சி. கூடவே, 'எச்சரிக்கை தர விரும்பவில்லை' என்றும் எழுத்தாளர் தேர்ந்தெடுக்கலாம். அதைப் பார்க்கிற வாசகர், உள்ளே எதுவும் இருக்கலாம் என்று தெரிந்தே திறக்கிறார். முடிவு தெரிந்துவிடும் என்கிற உங்கள் எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கதையும் உடையாது, வாசகரும் ஏமாறமாட்டார்.

உங்கள் குழுவுக்கு ஆறேழு போதும். தற்கொலை, பாலியல் வன்முறை, குழந்தை இறப்பு, கருச்சிதைவு, கொடூரக் காட்சிகள், இவற்றோடு சாதி வன்முறையும் கட்டாயம் இருக்கட்டும். மற்ற மொழிக் குழுக்களின் பட்டியலை அப்படியே எடுத்தால் விட்டுப்போவது இதுதான். ஈழத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் ஷெல் வீச்சு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய காட்சிகளையும் சேர்க்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

எழுதும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'கவனம், சோகமான கதை' என்பது யாருக்கும் உதவாது. இப்படி இருக்கலாம்: "எச்சரிக்கை: கருச்சிதைவு. நடுவில் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி, பத்து வரி. தாண்டிப் போனாலும் கதை புரியும்." தற்கொலை என்றால் அந்தச் சொல்லோடு நிறுத்துங்கள், எந்த முறையில் என்று எச்சரிக்கையில் எழுதவே கூடாது. கீழே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 ஒன்றைப் போட்டால் போதும். அப்புறம், எச்சரிக்கையை எழுதி அதன் கீழேயே கதையைத் தொடங்கினால் போன் நோட்டிபிகேஷனில் இரண்டும் சேர்ந்தே வந்து நிற்கும். எச்சரிக்கையைத் தனி மெசேஜாகப் போட்டு, கடினமான பத்தியை ஸ்பாய்லர் வசதியில் மறையுங்கள். நோட்டிபிகேஷனிலும் அது மறைந்தே இருக்கும், தொட்டால்தான் தெரியும்.

எச்சரிக்கை ஒரு மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். இதுவரை நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2023-இல் வந்த ஓர் ஆய்வு, எச்சரிக்கை போடுவதால் படிக்கும்போது வரும் மன உளைச்சல் குறைவதில்லை, படிப்பதற்கு முன்பு பதற்றம் கொஞ்சம் கூடவே செய்கிறது என்றது. அப்படியும் நான் போடச் சொல்கிறேன். இன்று ராத்திரி இதைப் படிக்க மனசு ஒத்துழைக்குமா என்று முடிவு செய்யும் உரிமை வாசகருக்கு உண்டு, அதை நாம் பறிக்கக் கூடாது. ஆனால் போட்டுவிட்டோம், நம் பொறுப்பு முடிந்தது என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

யாராவது மறந்துவிட்டால் குழுவில் வைத்துத் திட்டாமல் தனியாகச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். குழுவில் போட்ட மெசேஜை எழுதியவர் 48 மணி நேரத்துக்குள்தான் திருத்த முடியும், அட்மினால் நீக்க மட்டுமே முடியும்.

பழைய பட்டியலில் மீதி இருக்கும் வரிகளுக்கு உரியவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள், காரணம் கேட்காதீர்கள். மகனைப் பறிகொடுத்தவரிடமிருந்து தொடங்குங்கள், மெசேஜில் வேண்டாம், போனில். "எது வந்தால் முன்னாடியே சொல்லணும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வது உங்களோடு இருக்கட்டும். அப்படியொரு அத்தியாயம் வருகிற அன்று, குழுவில் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.