ஃப்ரீசர் −8 காட்டுகிறது, சமோசா கல்லாக இருக்கிறது: கோளாறு எங்கே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சமோசா செய்து, உறைய வைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சில வாரங்களாக ஃப்ரீசர் அறையின் டிஸ்ப்ளே −8 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. உள்ளே வைத்த தனி தெர்மாமீட்டரோ −18 காட்டுகிறது. கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: கன்ட்ரோலரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குளிரை அளந்து அதற்குச் சொல்லும் சென்சாருக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இத்தகைய அறைகளில் பெரும்பாலும் இருப்பது 10 கிலோ ஓம் என்.டி.சி. சென்சார். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 0 டிகிரியில் சுமார் 27, −18இல் 60ஐத் தாண்டும். படிந்த பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஓடும்போதெல்லாம் டர்பனின் ஈரக்காற்று, கேபிளும் எஃகு மூடியும் சேரும் இடத்து விரிசல் வழியாக உள்ளே புகுகிறது. அந்த ஈரம் மின்சாரத்துக்குக் குறுக்குவழியாகிவிடும். அதன் தடை 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசருக்கு வெளியே, 25 டிகிரியில், 2 டிகிரி அளவே பிசகும். −18இலோ மொத்தத் தடை 38 கிலோ ஓமுக்கு இறங்கிவிடுவதால் கன்ட்ரோலர் அதை −8 என்று படிக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் சென்சார் நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். குளிருக்கு ஏற்பப் பிழையும் மாறுவதால், கன்ட்ரோலரில் ஆஃப்செட் (எப்போதும் ஒரே அளவு கூட்டிக் குறைக்கும் திருத்தம்) போட்டுச் சரிக்கட்டவே கூடாது.

முதலில் மெயினை அணையுங்கள். சில கன்ட்ரோலர்களில் சென்சார் முனையைத் தொட்டாலே 230 வோல்ட் ஷாக் அடிக்கும். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு கரண்ட் கொடுங்கள். டிஸ்ப்ளே 25ஐ ஒட்டி நின்றால் கன்ட்ரோலரில் கோளாறு இல்லை. சில ரேண்ட் செலவில் பெரிய செலவு தப்பும்.

அடுத்தது ஐஸ் சோதனை. உப்பில்லாத ஐஸை நொறுக்கி ஃபிளாஸ்க் நிறைய அடைத்து, இடுக்கு நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் போதாது, அடியில் 0 டிகிரி இருக்காது. சென்சாரை நடுவில் பத்து நிமிடம் வைத்து மல்டிமீட்டரில் தடையை அளந்து பாருங்கள். 27 கிலோ ஓமுக்குப் பதில் 21, 22 வந்தால் ஈரம்தான். கொதிநீர்ச் சோதனை இங்கே உதவாது: சூட்டில் இந்தப் பிழை மறைந்துவிடும்.

வெயிலில் காய வைத்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் நம்ப முடியாது. புதிது வாங்குங்கள். 25 டிகிரியில் 1 கிலோ ஓம் அளவு காட்டுவது பி.டி.சி., அது சூடேற ஏறத் தடை கூடும் வேறு வகை, வாங்கும்போது கவனியுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எதிர்க் கோளாறு. உப்புக்காற்றில் கேபிள் இணைப்பு பச்சை பூத்துத் தடை கூடினால், இருப்பதைவிட அதிகக் குளிராகக் காட்டும். கம்ப்ரசர் முன்னதாகவே நின்று சரக்கு இளகும். அதனால் இணைப்பை அறைக்கு வெளியே வைத்து, ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்; வெறும் டேப் வேண்டாம். எஃகு மூடி கீழ்நோக்கி இருக்காமல், கேபிள் கீழ்ப்பக்கம் தொங்கும்படி சென்சாரைப் பொருத்தினால் தண்ணீர் வழிந்து விரிசலில் தேங்காது. பொருத்துவதற்கு முன் புதியதையும் ஐஸில் அளந்து, அந்த ஓம் எண்ணைத் தேதியோடு கன்ட்ரோலர் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகும் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.