டிரெய்லர் இழுக்கப் பெட்ரோலா, டீசலா? தாப்பாவுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, கல்யாணமாகி மலேசியாவில் தாப்பாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மாமனாரின் கனோபி (கூடாரம்), நாற்காலி வாடகைத் தொழிலை இனி நான்தான் பார்க்கவேண்டும், ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்கப் பெட்ரோல் ஃபோர்வீல் பிக்கப் வாங்குவதா, டீசல் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டீசல் விலை ஏறிவிட்டதால் ஊரில் எல்லாரும் பெட்ரோலைத்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. இதே தொழில், இதே தோட்டங்கள்தான். டீசல் வாங்குங்கள். ஊரார் சொல்லும் கணக்கு அவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது பொருந்தாது.

அவர்கள் கணக்கு எப்படி என்றால், 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்குப் போனது. அப்புறம் வாராவாரம் ஏறி இறங்குகிறது. பெட்ரோலோ 2025 செப்டம்பர் 30 முதல் லிட்டர் 1.99 வெள்ளி. கேட்டால் பெட்ரோல்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 1.99 மைகாட் என்னும் அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். திட்டம் தொடங்கியபோது அதற்கும் மாதம் 300 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். என்னிடம் இருப்பது இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை), நீங்களோ மனைவியின் பேரில் விசாவில் இருக்கிறீர்கள். நமக்கு மானியம் இல்லாத விலைதான், அது தொடங்கும்போதே 2.60. மனைவி கூட வந்தால் அவர் ஐசியில் போடலாம். விடியற்காலை நான்கு மணிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அவரையும் எழுப்பிக் கூட்டிப்போவீர்களா? டீசலுக்கும் குடிமக்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது. வண்டியை மனைவி பெயரில் பதிவதாக இருந்தால் அதற்குத் தகுதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, விலையை விடுங்கள். நீங்கள் இழுக்கப்போவது என்ன எடை? சத்தம் அடங்கிய 20 கேவிஏ ஜெனரேட்டரை டிரெய்லரில் வைத்தால் ஒரு டன்னைத் தாண்டும். பின்தட்டில் இரும்புக் குழாய், கூடாரத் துணி, நூறு நாற்காலி, மூன்று பையன்கள். இதோடு கேமரன் மலையில் ரிங்லெட் ஏறவேண்டும்.

என் முதல் வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல் பிக்கப். வந்த இரண்டாம் வருடம், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோனேன். லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டியதும் இரண்டாவது கியரைவிட்டு மேலே போக முடியவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது, சூடு காட்டும் முள் மேலே போய்விட்டது. மூன்று இடத்தில் ஓரங்கட்டி ஆறவைத்துத்தான் போனோம். ஏழு மணிக்குக் கரகம் புறப்பட வேண்டும், நான் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. பெண்கள் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் தலைவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, முழுப் பணத்தையும் கொடுத்தார். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்த வளைவு வந்தால் அந்த இரவுதான் கண்ணில் நிற்கிறது.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏற்றத்தில் தெரியும். டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 டீசல் தன் முழு முறுக்குவிசையான (சுழற்றி இழுக்கும் பலம்) 400 நியூட்டன் மீட்டரை 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. வேறு நாடுகளில் விற்கும் 2.7 லிட்டர் பெட்ரோல் ஹைலக்ஸுக்கு அதிகபட்சமே 245தான், அதுவும் 4,000 சுற்றில். ஒன்று மெதுவாக நடந்தே பாரத்தை ஏற்றும், இன்னொன்று மூச்சிரைக்க ஓடி ஏற்றவேண்டும். மூச்சிரைத்தால் எண்ணெயும் அதற்கேற்பக் குடிக்கும்.

இறக்கத்தில் மட்டும் பெட்ரோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலை எடுத்ததும் காற்றுவழி மூடிக்கொள்வதால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலில் அந்தப் பிடி குறைவு. அதனால் மலைமேல் இருக்கும் தானாராத்தாவிலிருந்து இறங்கும்போது வேகம் ஏறிய பிறகு கியர் குறைக்கலாம் என்று இருக்காதீர்கள், இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய அமெரிக்க வீடியோக்களை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அவர்கள் 'கேஸ்' என்பது பெட்ரோலை. அங்கே 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின் வைத்த ஃபோர்டு கிடைக்கிறது, டீசல் வேண்டுமென்றால் பல ஆயிரம் டாலர் கூடுதல். அதனால் அந்த விவாதம் அங்கே நியாயம்தான். இங்கே புதிதாகப் பெட்ரோல் ஃபோர்வீல் தேடினால் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் மாதிரி வண்டியில்தான் போய் நிற்பீர்கள், இரண்டரை லட்சம் வெள்ளிக்கு மேல். 583 நியூட்டன் மீட்டர் இருந்தும் அதன் இழுவை அளவு 2,500 கிலோ. குதித்து ஓடுவதற்கென்று மெத்தென்ற சஸ்பென்ஷன் வைத்திருக்கிறார்கள். சாதாரண டீசல் ரேஞ்சருக்கு 3,500.

டீசல் வாங்கினால் ஒரு பராமரிப்பு முக்கியம். இங்கே பம்பில் வரும் டீசலில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது, நம்மைச் சுற்றி நிற்கும் மரங்களின் எண்ணெய்தான். அது ஈரத்தை இழுக்கும். திருவிழாக் காலம் முடிந்து வண்டி வாரக்கணக்கில் நின்றால் டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள், ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். புகை வடிகட்டி உள்ள புது மாடல் என்றால் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டி அடைக்கவிடாதீர்கள், அடிக்கடி ஹைவேயில் ஈப்போவரை போய்வாருங்கள். வாரத்துக்கு ஒரு முறைகூட டிரெய்லர் மாட்டமாட்டேன், பட்டணத்துக்குள்தான் சுற்றுவேன் என்றால் என் பதிலே வேறு. ஆனால் உங்கள் மாமனார் தொழில் அப்படிப்பட்டது இல்லை.

இன்ஜினைவிட எனக்குக் கவலை அந்த டிரெய்லர்தான். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பெரும்பாலான ஃபோர்வீல்களில் 750 கிலோதான் அளவு. ஜெனரேட்டர் வைத்தாலே அதைத் தாண்டிவிடும், ஆகவே பிரேக் உள்ள டிரெய்லர்தான் வேண்டும். பழைய டிரெய்லரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் பதிவை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். பாரம் ஏற்றுவது நம் ஊர் மாட்டுவண்டி மாதிரியேதான். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்குமே, அதே மாதிரி கொக்கியைத் தூக்கும், 80 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஜெனரேட்டரை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கும்படி கட்டுங்கள்.

பழைய இசுசு டி-மேக்ஸோ ஹைலக்ஸோ பார்க்கப் போகும்போது ஒரு நல்ல போர்மனை (மெக்கானிக்கை) கூட்டிப்போங்கள். கொக்கி பொருத்திய இடத்தில் சேசிஸில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே விற்பவர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை சாவி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறிய இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தால்தான் குறை தெரியும்.