விவாச்சே என்றால் இரண்டாம் காலமா?

கேள்வி: என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். ஒரு பாடத்தின் மேலே ‘விவாச்சே’ என்றும், சுரக்குறி போட்டு 132 என்றும் அச்சிட்டிருக்கிறது. நாகஸ்வரம் வாசிக்கும் என் மாமனார் இரண்டாம் காலத்தில் வாசிக்கச் சொல்கிறார். ஓசூரில் ஒருவர் ‘வேகப் பயிற்சி’ என்று தனிக் கட்டணம் கேட்கிறார். என்ன செய்வது? – வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: இரண்டாம் காலத்தில் தாளம் அதே வேகத்தில் நிற்க, சுரங்கள் மட்டுமே இரட்டிக்கும். விவாச்சே என்பதோ தாளத் தட்டே விறுவிறுப்பாக நடக்க வேண்டும் என்ற காலப்பிரமாணக் குறிப்பு. எதையும் இரட்டிக்கச் சொல்வதில்லை. 132 என்றால் நிமிடத்துக்கு 132 தட்டு. கைபேசி மெட்ரோனோம் (தட்டைச் சீராக ஒலித்துக் காட்டும் கருவி) செயலி விவாச்சேவுக்கு 156, 160 என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். அந்த அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, தாளில் உள்ள எண்ணே கணக்கு. அதுவும் பழைய பாடமானால் பதிப்பாசிரியர் சேர்த்ததுதான். மெல்செல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றது 1815-இல். மேற்கத்திய இசையமைப்பாளர்களான பாக் 1750-இலும் மொசார்ட் 1791-இலும் இறந்துவிட்டார்கள்; அந்த எண்ணை அவர்கள் எழுதியிருக்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பாடத்தின் தொடக்கத்தில் மேலே 6, கீழே 8 என்றிருந்தால், ஆறு சிறு சுரங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து இரண்டே தட்டாகும். அப்போது எண்ணுக்கு முன்னுள்ள சுரக்குறியின் வலப்பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி வைத்த சுரத்துக்கு 60 என்றால் சிறு சுரங்கள் நிமிடத்துக்கு 180. புள்ளியைக் கவனிக்காமல் சிறு சுரத்துக்கே 60 வைத்தால், விவாச்சே மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் தவழும். தேர்வுக்குக் கட்டணம் வாங்கத் தெரிந்த வாரியங்களுக்கு, இத்தாலியச் சொல்லுக்குக் கீழே தமிழில் ஒரு வரி போட மனம் வரவில்லை. அந்த ஒரு வரியை விற்றுத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

‘வேகப் பயிற்சி’ என்று தனியாக ஒரு வித்தை கிடையாது. பாடத்தில் மிகக் கடினமான இரண்டு பார்களை (செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலுள்ள பகுதிகளை) முதலில் 80-இல் தடுமாறாமல் வாசிக்கட்டும். பிறகு நான்கு நான்காக ஏற்றலாம். அந்த இடம் 120-இல்தான் சுத்தமாக வருகிறதென்றால், முழுப் பாடத்தையும் 120-இலேயே வாசிக்க வேண்டுமே தவிர, 132-இல் பாய்ந்து தொடங்கி நடுவில் தேங்கக் கூடாது. மெட்ரோனோம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் அது உள்ளேயே இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தையும் வாரியத்தின் இணையதளத்தில் நேரே பார்த்த பின்பே ஓசூர்க்காரரிடம் பேசுங்கள்.