பிளீச்சிங் பவுடர்: கேளுங்கள், சொல்கிறேன்

குடிநீர் சுத்திகரிப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர், அதன் திரவத் தம்பி சோடியம் ஹைப்போகுளோரைட், இரண்டைப் பற்றியும் கேட்கலாம். அதற்கு முன் ஒன்று: ஆசிட், அம்மோனியா, டாய்லெட் கிளீனர் எதனோடும் இவற்றைக் கலக்காதீர்கள். இன்றைக்கு இதைப் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி: கிணற்றுத் தண்ணீர் கலங்கி இருக்கிறது. எவ்வளவு தூள் போட வேண்டும்?

பதில்: கலங்கலோடு போடாதீர்கள். சேறும் இலைச் சருகும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் இறைத்துத் தெளிய விடுங்கள். அப்புறம் கணக்கு. விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர். 33 சதவீதம் குளோரின் தரும் தூளில் 1,000 லிட்டருக்கு 5 கிராம் என்று தொடங்கலாம், ஆக 47 கிராம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து அதில் தூளைப் போட்டுக் குழையுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். குழைத்தபின் வாளியை நிரப்பி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். சுண்ணாம்பும் உள்ளே போனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். அரை மணி நேரம் கழித்து சோதனைப் பெட்டியில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் போதும். இல்லையென்றால் கிணறு இன்னும் கேட்கிறது, கொஞ்சம் கூட்டுங்கள். உப்பு, ஆர்செனிக், ஈயம் இதனால் போகாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் குளோரினுக்கு அசையாது.

புதுசு: தூளுக்கும் திரவத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் தூள். 1799இல் சார்ல்ஸ் டெனன்ட் இதற்குக் காப்புரிமை வாங்கினார், துணி வெளுக்கத்தான். வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், ‘கிடைக்கும் குளோரின்’ என்ற எண்ணைப் பாருங்கள். சாதாரணத் தூளில் 25 முதல் 35 சதவீதம், வீரியம் கூடிய கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 முதல் 70. வீட்டுத் திரவத்தில் பெரும்பாலும் 5 பக்கம். தூளோ திரவமோ, வெயிலிலும் வெப்பத்திலும் நாளாக ஆக வலுவிழக்கும்.

நீச்சல்காரன்: குளத்தில் குளோரின் நெடி அடித்தால் நல்ல சுத்தம்தானே?

பதில்: தலைகீழ். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் நெடி அது. கண் எரிச்சலுக்கும் அதுதான் காரணம்.

வீட்டுக்காரி: கழிப்பறைக் கறை போகவே இல்லை. தூளோடு கொஞ்சம் ஆசிட் சேர்த்தால்?

பதில்: வேண்டாம் அம்மா. சேர்த்த நொடியில் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் நாலு மூச்சு போதும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்றைப் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுநாள் மற்றதை எடுங்கள். கறைக்கு ஆசிட், கிருமிக்கு குளோரின். இரண்டுக்கும் ஒரே நாளில் வேலை கொடுக்காதீர்கள்.

மீன்தொட்டி: குழாய்த் தண்ணீரை அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டு விட்டபின் விடுங்கள்.

தூவி: மழைக்குப் பிறகு தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டுத் தூவுகிறோம். பயன் உண்டா?

பதில்: காய்ந்த தரையில் ஏறக்குறைய இல்லை.

தூவி: சும்மா சொல்லாதீர்கள். தூவிய இடத்தில் நெடி மூக்கைத் துளைக்கிறதே!

பதில்: அந்த நெடிதான் உங்கள் காசு. ஈரமும் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தூளை உடைக்க, குளோரின் பறந்து போகிறது. கிருமியைக் கொல்ல அது கரைந்திருக்க வேண்டும், அழுக்கு குறைந்திருக்க வேண்டும், நேரம் வேண்டும். மண்ணில் மூன்றுமே இல்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை; மண்ணும் குப்பையும் அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதே காரணம்.

தூவி: செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதை வைத்துத்தானே பிரசவக் காய்ச்சலிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினார்?

பதில்: நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு! 1847, வியன்னா. பிணப் பரிசோதனை முடித்து வந்த மாணவர்களைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். கரைசல், ஐயா. வாசலில் கோடு போடச் சொல்லவில்லை.

வாத்தியார்: நடுவில் வருகிறேன். கரைசலிலும் காரத்தன்மை முக்கியம் இல்லையா? பிஎச் 7.5க்கு மேல் போனால்?

பதில்: சரிதான் சார். ஏறத்தாழ 7.5இல், கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் மந்தமான ஹைப்போகுளோரைட்டும் பாதிக்குப் பாதி. மேலே போகப் போக அந்த மந்தமான இரண்டாமவர் பெருகுவார். அதற்காகத் தூவியார் வீட்டில் அமிலம் சேர்த்துப் பிஎச் குறைக்க வேண்டாம். நெடி பற்றி அவருக்குப் புது அனுபவம் கிடைத்துவிடும்.

சமையல்காரன்: ஆசிட் வேண்டாம், சரி. வினிகர் சேர்க்கலாமா?

பதில்: வினிகரும் ஆசிட்தான்.

எலுமிச்சை: எலுமிச்சைச் சாறு?

பதில்: மேலே பாருங்கள்.

நலம்விரும்பி: குளோரின் டை ஆக்சைடு சொட்டுகளைக் குடித்தால் எல்லா நோயும் போகுமாம்?

பதில்: குடிக்காதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இதற்கு எச்சரிக்கையே விட்டது. யாராவது ஏற்கெனவே குடித்திருந்தால் என்னைக் கேட்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாம்பு பயம்: வீட்டைச் சுற்றித் தூவினால் பாம்பு வராதா?

பதில்: புதரை வெட்டுங்கள்.

தூவி: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மூட்டை பாக்கி இருக்கிறது, கட்டியாகிவிட்டது. பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் மூட்டையை நகர்த்துங்கள், இப்போதே! இது ஆக்சிஜனேற்றி. பெட்ரோல், எண்ணெய், யூரியா எதோடு சேர்ந்தாலும் தீப்பிடிக்கக்கூடும். இரும்பு டப்பாவும் வேண்டாம், அரித்துவிடும். மூடிய பிளாஸ்டிக் வாளியில், வெயில் படாத காய்ந்த இடத்தில் வையுங்கள். கட்டியானதைக் கிணற்றுக்குப் போடாதீர்கள், எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறதென்று தெரியாது. கரைத்துச் சாக்கடைக்கு விடலாம். மூட்டையை நகர்த்திவிட்டு ஒரு வரி போடுங்கள், அதுவரை நான் தூங்கப் போவதில்லை.

தூவி: நகர்த்திவிட்டேன்.