கல்லூரிக் கணக்குகளுக்கு விடை எங்கேயாவது கிடைத்துவிடுகிறது, பரீட்சையில் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், நிதிக் கணக்கும் புள்ளியியலும் வாரத்துக்கு ஒரு அசைன்மென்ட் வருகிறது. தங்கை நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு மருந்தளவுக் கணக்கு. அண்ணனுக்கு வேதியியல். மூன்று பேருமே போனில் படம் எடுத்துப் போட்டு விடையை எழுதி விடுகிறீர்கள், மதிப்பெண்ணும் வருகிறது. ஹாலில் உட்கார்ந்தால் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்றே தெரிவதில்லை. எப்படிப் படிப்பது?

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் 22 வருடம் புள்ளியியல் நடத்தினேன். இப்போது அயனாவரத்தில் வீட்டோடு இருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருப் பிள்ளைகள் நோட்டோடு வந்துவிடுவார்கள். பாடம் வேறு வேறு. ஆனால் தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கேள்வியில் ஒரு எண் இருக்கும், அது 'எதற்கு', அல்லது 'எதில்' என்பது பக்கத்திலேயே இருக்கும். அந்த இரண்டாவதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சூத்திரத்துக்குள் போய்விடுகிறார்கள்.

போன வருடம் மாடி வீட்டுப் பெண், நர்சிங் முதலாம் ஆண்டு, ஒரு கணக்கோடு வந்தாள். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைக்க வேண்டும்? அவள் 500-ஐ 20-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்து, 2,500 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். "சரியா மிஸ்?" என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. சமையலறைக்குக் கூட்டிப் போய் சிங்க் குழாயை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். "நிமிஷத்துக்கு 2,500 சொட்டு விழற மாதிரி வைம்மா." அவள் திருகினாள், இன்னும் கொஞ்சம் திருகினாள். சொட்டு போய் நூலாக ஒழுக ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான்கு மணி நேரத்தை 240 நிமிடமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 10,000 சொட்டை 240-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. மறுபடியும் குழாயைக் குறைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணி எண்ணி 42-க்குக் கொண்டுவந்தாள். மூன்று நொடிக்கு இரண்டு சொட்டு, கொஞ்சம் கூட. அவள் முதலில் எழுதியபடி நிஜமாகவே வைத்திருந்தால் நிமிடத்துக்கு 125 மில்லி, நாலு மணி நேரத்தில் ஏற வேண்டியது நாலே நிமிடத்தில் ஏறியிருக்கும். அதை அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வகைக் கணக்கில் அவள் தவறியதை நான் பார்க்கவில்லை.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பள்ளியில் வேற்றுமை உருபு படித்தீர்கள் அல்லவா? நிமிடத்துக்கு, மில்லிக்கு, மாதத்துக்கு, கிலோவுக்கு என்று வருகிற அந்தக் 'கு' எங்கே வருகிறதோ அங்கே ஒரு வகுத்தல் ஒளிந்திருக்கிறது. 'நூறில் ஐந்து', 'ஆயிரம் பேரில் ஒருவர்' என்ற 'இல்'லும் அப்படித்தான், அதற்கு முன்னால் இருப்பதுதான் பகுதி, அதாவது கீழே வைத்து வகுக்கிற எண். ஆங்கிலத்தில் கேள்வி வந்தாலும் முதல் வேலையாக அதைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். கு, இல் இரண்டையும் வட்டம் போடுங்கள். நான் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். பிறகு இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும் இதுவே பிடித்துப்போனது.

உங்கள் பாடத்துக்கு வருகிறேன். நிதிக் கணக்கில் வட்டி வீதம் என்பது ஒரு 'கு'வும் ஒரு 'இல்'லும் சேர்ந்தது. '12 சதவீதம்' என்று தனியாக எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது. வருடத்துக்கா, மாதத்துக்கா? ஆரம்பத்தில் வாங்கிய தொகையிலா, இன்னும் கட்டவேண்டிய பாக்கியிலா? இது எனக்கு வலித்துத் தெரிந்த விஷயம். என் தம்பி ஸ்கூட்டர் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 60,000 ரூபாய் கடன் எடுத்தான். மூன்று வருடம், 12 சதவீதம் என்றார்கள். பாங்க் கடன் மாதிரிதானே என்று நினைத்து அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். மாதத் தவணை 2,267 ரூபாய் வந்தது. பாக்கியில் வட்டி போட்டிருந்தால் 36 மாதத்துக்கு 1,993 ரூபாய்தான் வர வேண்டும். அவர்கள் போட்டது ஃபிளாட் வட்டி: 60,000-க்கு வருடம் 7,200 வீதம் மூன்று வருடத்துக்கு 21,600-ஐ முதலிலேயே கூட்டி, 36-ஆல் வகுத்துவிட்டார்கள். நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கியில் வைத்துப் பார்த்தால் அது வருடத்துக்குச் சுமார் 21 சதவீதம். மொத்தத்தில் அவன் கூடுதலாகக் கட்டியது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவன் என்னிடம் முன்னாலேயே கேட்டிருந்தால், 'எதில் 12?' என்று நானாவது கேட்கச் சொல்லியிருப்பேன்.

இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதத்துக்குப் போதும். ஒரு மாத வட்டி ஒரு சதவீதம், 60,000-இல் 600. தவணை 1,993-இல் 600 வட்டிக்குப் போக, 1,393 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் பாக்கி 58,607, அதில் வட்டி 586. இப்படி மூன்று வரி எழுதியவர்களுக்கு இ.எம்.ஐ. சூத்திரம் மறந்தாலும் பயமில்லை. நான் பார்த்தவரை, சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் 12-ஐ 12-ஆல் வகுக்க மறந்து, மாதத்துக்கு 12 சதவீதமாகப் போட்டுவிடுகிறார்கள். தவணை 7,324 ரூபாய் என்று வரும். 36 மாதத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஒரு ஸ்கூட்டருக்கு! விடையை எழுதிவிட்டு, இப்படி ஒருவன் கட்டுவானா என்று ஒரு நொடி யோசித்தால் பிடிபட்டுவிடும்.

புள்ளியியலும் உடல்நலமும் சேர்ந்து வரும் கேள்விதான் எல்லோரையும் கவிழ்ப்பது. ஒரு நோய் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 10 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டிவிடும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் 90 என்பார்கள். பேய்ஸ் சூத்திரத்தை அப்படியே ஓரமாக வையுங்கள். ஆயிரம் பேரை வரிசையாக நிற்க வையுங்கள். அதில் 10 பேருக்கு நோய், அந்தப் பத்தில் 9 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 990 பேரில் 99 பேருக்குத் தவறான பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் சீட்டு கையில் வைத்திருப்பவர்கள் 108 பேர், அவர்களில் நோய் உள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டில் ஒன்று. அதே ஒன்பது பேர்தான். 'பத்தில் ஒன்பது' என்பது 'நூற்றெட்டில் ஒன்பது' ஆகிவிட்டது. 'இல்'லுக்கு முன்னால் இருக்கும் கூட்டம் மாறிவிட்டது.

இது வெறும் பரீட்சைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று பார்த்ததும் இரவெல்லாம் தூங்காமல் என் வீட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது பரிசோதனை ஏன் எழுதித் தருகிறார்கள் என்பதை இந்த 108 புரியவைக்கும்.

ஒப்பிடுகிற கூட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே உலகம் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்போது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? காசநோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்த காலம் அது. 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே 193 நோயாளிகளை, யார் எங்கே என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்து, ஒரு பாதியை வீட்டிலும் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து, ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டில், இடநெருக்கடியில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்த கேள்வி. வீட்டிலேயே நோயாளி இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றாதா? வீட்டுச் சிகிச்சைக் குடும்பங்களை மட்டும் பார்த்திருந்தால், சிலருக்கு நோய் வந்திருப்பதைக் கண்டு 'ஆமாம், ஆபத்துதான்' என்று எழுதியிருப்பார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களையும் எண்ணியதால்தான், அங்கும் அதே மாதிரி வந்திருப்பது தெரிந்தது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் கூட இருந்த காலம்தான் முக்கியக் காரணம். உங்கள் சிலபஸில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று ஒரு வரியில் வருவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பி மதிப்பு 0.03 என்றால் என்ன என்பதற்கும் இதே பழக்கம் உதவும். 'மருந்து பயனற்றது என்பது உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு' என்று எழுதினால் தவறு. மருந்துக்குப் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரியதோ ஆன வித்தியாசம் தற்செயலாக வர நூறில் மூன்று. 'வைத்துக்கொண்டால்' என்பதை விட்டால் எல்லாம் போச்சு.

அண்ணனின் வேதியியலுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது என் பாடம் இல்லை. வாயுக் கணக்கில் 27 டிகிரி செல்சியஸை 300 கெல்வின் ஆக்காமல் தொடவே கூடாது. இன்னொன்று, 10-இன் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஹெச் கேட்பார்கள். கால்குலேட்டர் 8 என்று காட்டும், ஏழைத் தாண்டினால் காரம் என்று அர்த்தம். அமிலத்தைத் தண்ணீரில் கலந்தால் அது காரமாகுமா? தண்ணீரே தருகிற ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 6.98 வரும். ஆனால் கரிம வேதியியல் வினைகள், தேற்ற நிரூபணங்கள் இதற்கெல்லாம் நான் சொல்லும் கு, இல் பழக்கம் உதவாது. அவற்றுக்கு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் தமிழில் ஒரு வாக்கியம். அடுத்து, விடை எந்த அலகில் வரும், ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று ஒரு மதிப்பு. அது தவறாக இருந்தாலும் பரவாயில்லை, பேனாவில் எழுதுங்கள். அப்புறம் கணக்கைப் போடுங்கள். அதற்கும் பிறகுதான் போன். அது தருகிற வழிமுறையில் எந்த வரியில் உங்களிடமிருந்து பிரிகிறது என்று தேடுங்கள். மறுநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிப் போடுங்கள். அடிப்படை ஆட்டம் காண்கிறது என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசுப் பாடப்புத்தகங்களுக்குத் திரும்பிப் போகக் கூச்சப்படாதீர்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். என் மாணவிகள் பலர் அங்கே உட்கார்ந்துதான் எம்.எஸ்சி. முடித்தார்கள்.

மூன்று பேரும் சேர்ந்து போட ஒரு கணக்குத் தருகிறேன். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறந்தார்கள் என்று இன்றும் எல்லோரும் சொல்வோம். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'இவ்வளவு பெரிய ஏரியில் 29,000 எந்த மூலைக்கு?' என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். பேச்சில் நாம் விட்டுவிடுகிற 'கு' அங்கே இருக்கிறது, அது விநாடிக்கு 29,000 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நம் தெருவுக்கு வருகிறதே, அப்படி எத்தனை லாரி ஒவ்வொரு விநாடியும் அடையாற்றில் இறங்கியிருக்கும்? புது வரத்தே இல்லாமல் அந்த வேகத்தில் திறந்துவிட்டால் நிறைந்த ஏரி எத்தனை மணி நேரத்தில் காலியாகும்? முதலில் ஆளுக்கொரு மதிப்பு எழுதிவிட்டுப் போடுங்கள். எனக்கு வந்தது 68 லாரி, 35 மணி நேரம்.