பழைய ஐபாட் டாக்கில் (ஐபாடைச் செருகிப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்) பாட்டு வருகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. டாக் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உங்கள் டாக் 2006-ல் வாங்கியது, ஐபாட் டச் 2008-ல் வந்த இரண்டாம் தலைமுறை என்கிறீர்கள். சிக்கலே அந்த இரண்டு வருட இடைவெளியில்தான்.

ஐபாடை டாக்கில் செருகும், 2003-ல் வந்த 30 பின் இணைப்பில் மின்சாரம் ஏற இரண்டு வழிகள் இருந்தன: ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற பழைய இணைப்பு முறை) பின்களில் 12 வோல்ட், யூஎஸ்பி பின்களில் 5 வோல்ட். அந்தக் கால டாக்குகள் பலவும் 12 வோல்ட் மட்டுமே கொடுத்தன. 2008-ல் ஐபோன் 3ஜி, உங்கள் ஐபாட் டச் போன்றவை அதை ஏற்பதை நிறுத்திவிட்டன. பாட்டு வருவது வேறு பின்களில், அதனால் அதற்குப் பாதிப்பில்லை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சின்ன அடாப்டர்கள் அப்போது விற்றார்கள். பழைய பொருள் கடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையா, தனியாகச் சார்ஜ் செய்துவிட்டு டாக்கில் வையுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அப்புறம், ஐபாடில் சத்தத்தைக் கூட்டினாலும் மாறவில்லை என்றீர்களே, அதுவும் கோளாறு இல்லை. டாக் எடுப்பது லைன்-அவுட் ஒலி, அதாவது ஐபாடின் சத்தக் கட்டுப்பாட்டுக்கு உட்படாமல் நேராக வரும் ஒலி. அதன் அளவு நிலையானது. டாக்கின் பொத்தானால்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இன்றைய போனை இணைக்க, பின்பக்கம் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று பாருங்கள். போனிலும் அதே துளை இருந்தால் ஒரு வயர் போதும், இல்லையென்றால் போனுக்கு ஒரு அடாப்டரும் வேண்டும். பேஸ் மெலிதாக இருக்கிறதா? டாக்கைச் சுவரை ஒட்டி வையுங்கள், கொஞ்சம் கனம் கூடும்.