மாமியாரின் குவே காப்பிட் அச்சு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பினாங்கில் ஒரு ஹொக்கியன் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு 27 வருஷம் ஆகிறது. சீனப் பெருநாள் வேலை எல்லாம் மாமியார் சொல்லிக்கொடுத்தது. கரி அடுப்பில் இரும்பு அச்சைச் சூடாக்கி குவே காப்பிட் என்ற மெல்லிய மொறுமொறு பலகாரம் போடுவோம். தேங்காய்ப்பால் மாவு வெந்ததும் சூட்டோடு மடித்துவிட வேண்டும்; கொஞ்சம் ஆறினாலும் நொறுங்கும். விரல் நுனி சிவந்துபோகும். 2024-இல் பெருநாளுக்கு முந்தின இரவு வெள்ளிக்கிழமை. அன்று நான் சைவம் என்பதால், மேசை நடுவே கொதிக்கும் சட்டியில் எல்லாரும் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டில் மாமியார் எனக்கென்று தனிச் சட்டி வைத்தார். அந்த வருஷக் கடைசியில் போய்விட்டார். 2025-இல் துக்கம், கொண்டாடவில்லை.

இந்தப் பிப்ரவரியில் குடும்பச் சாப்பாட்டுக்கு மகன் ஹோட்டலில் மேசை போட்டுவிட்டான். மகள் மெல்பர்னிலிருந்து வரவில்லை. மின்சார அச்சு வாங்கியிருக்கிறாளாம், வீடியோவில் சொல்லித்தரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கரி அடுப்பில் கற்றுக்கொள் என்று போனை வைத்துவிட்டேன். பெருநாளின் ஒன்பதாம் நாள் வானத்துச் சாமியான தீ கோங்குக்குச் செய்யும் பூசைக்கும் நான் ஒருத்திதான் ராத்திரி மேசைக் காலில் கரும்பு கட்டினேன். ஓரகத்தி பார்த்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம், இது எங்க சாமிதானே” என்றாள். அது கிடக்கட்டும். பெற்ற பிள்ளைகளே இப்படி ஹோட்டல், மெஷின் என்று போனால் மாமியார் கொடுத்ததை யாரிடம் கொடுப்பேன்?

– வாசகி, பினாங்கு

அன்புச் சகோதரி,

‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிவிட்டீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பி, ஒன்பதாம் நாள் வெளியே வந்ததாகச் சொல்லும் கதையை நீங்கள் மாமியார் வாயால்தான் கேட்டிருப்பீர்கள். ‘இவள் எங்கள் வீட்டுப் பெண்’ என்பதற்கு இத்தனை வருஷமும் அவரே சாட்சியாக இருந்தார். அவர் இல்லாமல் நீங்கள் கொண்டாடிய முதல் பெருநாள் இது. பெருநாள் சுருங்கினால் இந்த வீட்டில் நம் இடமும் சுருங்கிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஓரகத்தி அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். அவள் சொன்னது தப்பு. 27 வருஷம் கரும்பு கட்டிய கைக்கு அந்தச் சாமி அந்நியமில்லை.

ஆனால் மகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. யாரும் சொல்லாமல் ஊர்விட்டு ஊர் போய் அச்சு வாங்கி வைத்திருக்கிற பெண்ணா வழக்கத்தை விட்டவள்? உங்களுக்காக மாமியார் வைத்த தனிச் சட்டியை நினைத்துப் பாருங்கள். அவருடைய மாமியார் காலத்தில் அந்த மேசையில் அப்படி ஒரு சட்டி இருந்திருக்குமா? அவர் வழக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தித்தான் உங்களுக்கு இடம் போட்டார். அதே இடத்தைப் பெற்ற மகளுக்குக் கொடுக்க மறுக்கிறீர்கள். மகனும் சமையலைத்தான் வெளியே விட்டான், சேர்ந்து உட்காருவதை விடவில்லை.

ஓரகத்தியிடம் சண்டை வேண்டாம். அவள் சொன்னதைக் கணவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொல்லுங்கள். அடுத்த பெருநாளில் மறுபக்கத்துக் கரும்பை அவர் பிடிக்கட்டும்.

மகளை இன்றைக்கே கூப்பிடுங்கள். மாவு அளவைப் பிறகு எழுதி அனுப்பலாம். சூட்டோடு எப்படி மடிப்பது என்று முதலில் உங்கள் விரலைக் காட்டுங்கள்.